'லலலா' செல்லாத இடம்

ராக் பாடல் வரிகளைக் கவிதை என்று சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. 'மெட்டைக் கழற்றிடு, டிரம்ஸை நிறுத்திடு, வெறும் தாளில் படிச்சுப் பாரு. நிக்குதா?' என்கிறார்கள். 2016 அக்டோபரில் பாப் டிலனுக்கு இலக்கிய நோபல் அறிவித்தபோதும் இதே கேள்விதான்.

தாளில் படித்தால் பல ராக் பாடல்கள் பல்லிளிக்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால், இது நியாயமான பரீட்சையா? என் பி.காம். புத்திக்கு இப்படித்தான் தோன்றுகிறது: கூட்டு வியாபாரத்தில் ஒரு பார்ட்னரை வெளியே அனுப்பிவிட்டு, மற்றவரிடம் 'ஏன்யா லாபம் குறைஞ்சுது?' என்று கேட்கலாமா?

டிலனே 2017-ல் தன் நோபல் உரையில் சொல்லிவிட்டார். ஷேக்ஸ்பியரின் சொற்கள் மேடையில் நடிப்பதற்கு; பாட்டின் சொற்கள் பாடுவதற்கு, படிப்பதற்கு அல்ல என்று.

சரி, அப்படியானால் சொல்லுக்கு என்னதான் மரியாதை? கிடார் போடும் சத்தத்தில் எதைப் பாடினாலும் எடுபடுமே?

இதற்கான பதில் ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. 2016 டிசம்பர் 10, நோபல் விழா. டிலன் போகவில்லை. அவர் 1962-ல், 21 வயதில் எழுதிய ஒரு நீண்ட பாட்டை, 'எ ஹார்ட் ரெய்ன்ஸ் எ-கானா ஃபால்', அவருக்காக பேட்டி ஸ்மித் பாடினார். எழுபதை நெருங்கிய ராக் பாடகி. கவிஞரும்கூட. அரங்கில் ஸ்வீடன் ராஜா. பாதி வழியில் சட்டென்று நின்றுவிட்டார். படபடப்பாக இருக்கிறது என்று மன்னிப்புக் கேட்டு, விட்ட இடத்தை மறுபடி பாடினார். கூட்டம் கைதட்டியது.

வரிகள் மறந்துபோகவில்லையாம். தெரிந்த சொற்களை வெளியே எடுக்க முடியவில்லை என்று பின்னால் எழுதினார்.

கவனியுங்கள். மெட்டு இருந்தது, பின்னணியில் வாத்தியங்கள் இருந்தன. இல்லாதது ஒரு வரிதான். 'லலலா' போட்டு ஒப்பேற்றியிருக்கலாம். பாதிப் பேர் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அவர் செய்யவில்லை. ராஜா முன்னால் அவமானப்பட்டாலும் பரவாயில்லை, அந்த இடத்தில் அந்தச் சொல்தான் வர வேண்டும் என்று நினைத்தார். இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு கவிதைக்கு யார் செய்துவிட முடியும்?

அதனால், தாளில் நிற்கிறதா என்று பார்ப்பதை விடுங்கள். 'லலலா' போட்டால் என்ன குறையும் என்று கேளுங்கள். ஒன்றும் குறையாதென்றால் அது வெறும் பாட்டு. பாட்டே நின்றுபோகும் என்றால் கவிதை.

இந்தப் பரீட்சையில் பல ராக் பாடல்கள் ஃபெயில்தான். அச்சில் வந்த கவிதைகளிலும் பல தேறாது.