திருடாமையும் தராசும்

யோக சூத்திரத்தில் பதஞ்சலி முனிவர் கூறும் ஐந்து யமங்களுள் மூன்றாவது அஸ்தேயம், அதாவது திருடாமை. அடுத்த சூத்திரத்திலேயே அவர் இந்த ஐந்தையும் பிறப்பு, இடம், காலம், சூழ்நிலை ஆகியவற்றால் வரையறுக்கப்படாத மகாவிரதம் என்கிறார். திருடாமைக்கு விதிவிலக்கு இல்லை. அவ்வாறெனில், திருடியவனுக்குரிய தண்டனை மட்டும் ஆளுக்கு ஆள் மாறலாமா?

இக்கேள்வி கூர்மையாக எழுந்த களங்களுள் ஒன்று பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டம். பணயம் வைக்காமல், அறிவுத்திறன் ஒன்றையே நம்பி உலக அளவில் ஆடப்படும் போட்டி அது. 2018-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய இணையர் அதில் தங்கப் பதக்கம் வென்றனர். இருவர் இருவராக ஆடும் இவ்வாட்டத்தில், ஒருவர் தம் கையிலுள்ள சீட்டுகளைப் பற்றி ஏலம் கேட்பதன் மூலமும் சீட்டு இறக்குவதன் மூலமும் மட்டுமே தம் இணைக்கு உணர்த்தலாம். விரலசைவாலோ இருமலாலோ உணர்த்தினால் அது களவு. அங்கே பறிபோவது எதிரில் நேர்மையாக அமர்ந்திருப்பவரின் பல ஆண்டு உழைப்பு.

1965-இல் பியூனஸ் அயர்ஸில் நடந்த உலகப் போட்டியில் இரு பிரிட்டிஷ் ஆட்டக்காரர்கள் விரல்களால் குறிப்புணர்த்தியதாக உலக பிரிட்ஜ் கூட்டமைப்பு முடிவு செய்தது. மறு ஆண்டு பிரிட்டனில் நடந்த விசாரணையோ, குற்றம் ஐயமற நிறுவப்படவில்லை என்று அவர்களை விடுவித்தது. 1975-இல் பெர்முடாவில் இத்தாலிய இணையர் மேசைக்கடியில் ஒருவர் காலை ஒருவர் தீண்டியதாகப் புகார் எழுந்தது. அதே கூட்டமைப்பு முறையற்ற கால் அசைவுகளுக்காக அவர்களைக் கடுமையாகக் கண்டித்தது. ஆனால் போட்டியிலிருந்து விலக்கவில்லை. பட்டத்தை இத்தாலிய அணியே வென்றது.

இத்தகைய நிலையற்ற நீதியின் விளைவு பின்னர் வெளிப்பட்டது. 2015-இல் எழுந்த குற்றச்சாட்டுகளையொட்டி, உலகின் முன்னணி இணையர் ஒருவருக்கு ஐரோப்பிய அமைப்பு மறு ஆண்டு ஐந்தாண்டுத் தடை விதித்தது. 2018-இல் விளையாட்டுக்கான நடுவர் தீர்ப்பாயம், சான்று போதாது என்று அத்தடையை நீக்கியது. எனினும் 2021-இல், அவ்விருவருள் ஒருவர் இடம்பெற்ற தேசிய அணியுடன் ஆட எதிரணிகள் மறுத்துவிட்டன.

இது நீதியா? சகவீரர்களின் வேதனை பொய்யன்று. ஆனால், தீர்ப்பாயம் விடுவித்த ஒருவரைக் களம் தண்டிப்பதும் எளிதில் ஏற்கத்தக்கதன்று. இங்குதான் ஓர் உண்மை புலப்படுகிறது. தண்டனை சீராக இல்லாத இடத்தில் குற்றவாளி தப்புவது ஒரு தீமை. விடுதலை பெற்றவரின் விடுதலைக்கு மதிப்பில்லாமற் போவது மற்றொரு தீமை. தராசை ஒருமுறை சாய்த்தவர்கள், அது பின்னர் நேராக நின்றாலும் பிறரை நம்பச் செய்ய இயலாது.

சீரான தண்டனை என்பது எல்லார்க்கும் ஒரே அளவு தண்டனையா? பிற இடங்களில் குலம் பார்த்துத் தண்டனையைக் குறைக்கும் மனுஸ்மிருதியே, எட்டாம் அத்தியாயத்தில் திருட்டைப் பற்றிக் கூறும்போது நேர்மாறாகப் பேசுகிறது. சாதாரண மனிதனுக்கு ஒரு கார்ஷாபணம் அபராதமாகும் குற்றத்திற்கு அரசன் ஆயிரம் செலுத்த வேண்டும். குற்றத்தின் இயல்பை அறிந்து திருடியவனுக்கு உயர்ந்த நிலைக்கேற்ப அபராதமும் மடங்குகளாகப் பெருகும். தண்டனை வேறுபடலாம், ஆனால், அறிவும் உயர்வும் அதைக் கூட்டுமேயன்றிக் குறைக்கா. 'பெரிய வீரர், போகட்டும்' என்னும் சலுகைக்கு அங்கே இடமில்லை.

திருவள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தைத் தொடங்கும்போதே, குற்றத்தை ஆராய்தல், எவரிடமும் கண்ணோட்டம் கொள்ளாமை, நடுநிலை ஆகியவற்றை ஒருங்கே வைக்கிறார். ஆராயாமல் தண்டிப்பதும், ஆராய்ந்த பின் முகம் பார்த்து விடுவதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள்.

சீட்டாட்ட மேசைக்கு மட்டும் உரிய பாடமன்று இது. கடைச் சிறுவன் எடுத்த பத்து ரூபாய்க்கு வேலை பறிபோகிறது. வருவாய் ஈட்டித் தரும் மேலாளரின் கையாடல் 'கவனக்குறைவு' என்று பெயர் பெறுகிறது. குடும்பத்திலும் சம்பாதிக்கும் பிள்ளையின் பொய்க்கு ஓர் அளவு, மற்றவனின் பொய்க்கு வேறோர் அளவு. தண்டிக்கும் பொறுப்பில் உள்ளவர் தீர்ப்புக்கு முன் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இதே செயலை, எனக்குப் பயன்படாத ஒருவன் செய்திருந்தால் என்ன செய்திருப்பேன்? அதற்கான விடை வேறாக இருப்பின், தீர்ப்பை ஒத்திவைத்து, முதலில் தம் மனத்தைத் திருத்திக்கொள்வதே அறம்.