பழைய தூண்

ஒசாகாவுக்குப் படிக்க வந்த முதல் மாதமே இங்குள்ள கோட்டையைப் பார்த்துவிட்டேன். உள்ளே போனால் லிஃப்ட்! கோட்டையின் கோபுரம் 1665-இல் இடி விழுந்து எரிந்துபோனது. இப்போது நிற்பது 1931-இல் ஊர் மக்கள் நன்கொடையில் எழுந்த கான்கிரீட் கட்டடம். "அப்போ இது டூப்ளிகேட்தானே?" என்றான் கூட வந்த நண்பன். நானும் சேர்ந்து சிரித்தேன்.

போன மாதம் ஹிமேஜி கோட்டைக்குப் போனேன். 1609-இல் கட்டி முடித்த மரக்கோபுரம். சப்பாத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு செங்குத்தான படிகளில் ஏற வேண்டும். உச்சி மாடியில் ஒரு சின்னச் சன்னிதி, கும்பிட்டுக்கொண்டேன். இதுதான் அசல் என்று நினைத்தால், அதுவும் முழுசாக அசல் இல்லை. 1956 முதல் 1964 வரை கோபுரத்தைக் கட்டை கட்டையாகப் பிரித்து மறுபடி பூட்டியிருக்கிறார்கள். அதைத் தாங்குவது சுமார் 25 மீட்டர் உயரமுள்ள இரண்டு பெருந்தூண்கள். மேற்குத் தூண் உளுத்துப்போனதால் புதுசு வைத்தார்கள். கிழக்குத் தூணில் கெட்டுப்போன அடிப்பகுதியை மட்டும் மாற்றினார்கள். கழற்றிய பழைய மேற்குத் தூணையும் எறியவில்லை. வளாகத்திலேயே பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

அதைப் பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சு உறுத்தியது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் திருப்பணியின்போது மரத் தூண்களைப் பிடுங்கி லோரியில் ஏற்றிய இளைஞர்களில் நானும் ஒருவன். பால்மரம் வெட்டிய தாத்தா காலத்து ஆட்கள், வேலை முடிந்த சாயங்காலங்களில் நட்ட தூண்கள் அவை. "எல்லாம் கரையான், தூக்குங்கப்பா" என்றார்கள். தூக்கினோம்.

புதுப்பிப்பது தப்பா? இல்லை. ஜீர்ணோத்தாரணம் என்று ஆகமமே அதற்கு வழி சொல்கிறது. பாலாலயம் செய்து, அம்மனின் சக்தியை வேறிடத்தில் எழுந்தருளச் செய்த பிறகுதான் கட்டடத்தில் கை வைக்கிறோம். பின்னமான விக்கிரகத்தைக்கூட நீரில் விட்டுவிடுகிறோம். அப்புறம் வெறும் கட்டைக்கு என்ன மரியாதை? திரும்பி வரும் ரயிலில் இப்படியெல்லாம் எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். ஆனால் விக்கிரகத்தைக் கும்பிட்டுத்தானே நீரில் விடுகிறோம்? அந்தத் தூண்களில் எது உளுத்தது, எது நல்லது என்று நாங்கள் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. நட்டவர்கள் பெயரை ஒரு தாளில் எழுதி வைக்கவும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் சொல்ல அப்போது இரண்டு பாட்டிகள் இருந்தார்கள்.

ஒசாகா கோட்டையைப் பார்த்துச் சிரித்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன். போய்விட்டதை எழுப்ப ஊரே காசு போட்டது அங்கே.

அன்று ராத்திரி அம்மாவுக்கு ஃபோன் செய்து அந்தத் தூண்கள் எங்கே போயின என்று கேட்டேன். "இப்ப எதுக்குடா அது?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒன்று மட்டும் மாமா வீட்டுக் கோழிக்கூண்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, இன்னும் கரையான் பிடிக்கவில்லை என்றார்.