பயனற்ற வேகமும் பயனற்ற பழியும்

மனிதனை உடையால் அளப்பதா, ஒழுக்கத்தால் அளப்பதா என்று கேட்டால், ஒழுக்கத்தால் என்றே நாம் அனைவரும் விடை கூறுவோம். ஆயினும் வீதியில் நிற்கும்போது அவ்விடையை நாம் எளிதில் மறந்து விடுகிறோம்.

திண்டிவனம் சாலை வழியாகப் புதுவைக்குள் நுழைவோர் கோரிமேட்டைக் கடந்தே வரவேண்டும். விடுமுறை நாட்களில் வெளியூர்களிலிருந்து மோட்டார் சைக்கிள்களில் வரிசையாக வரும் இளைஞர் கூட்டங்களும் அவ்வழியே வருவதுண்டு. கறுத்த மேலங்கி, முழங்காற் கவசம், முகத்தை மறைக்கும் தலைக்கவசம், முதுகில் தங்கள் கிளப்பின் சின்னம். இவர்களைக் கண்டதும் பேருந்துக்குக் காத்து நிற்போர் வாயில் வருவது பெரும்பாலும் நல்ல சொல்லாக இருப்பதில்லை. "ரவுடிக் கூட்டம்" என்பர் சிலர். "ஒரு நாள் விழுந்தால்தான் புத்தி வரும்" என்பர் வேறு சிலர். நம் இல்லத்துப் பிள்ளைகளும் படிப்பை முடித்து வேலைக்குச் சென்றபின் இத்தகைய கிளப்புகளில் சேரும் காலம் இது. ஆகவே இதனை நம் அறநூல் கொண்டு ஆராய்தல் தக்கதே.

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்று அனர்த்த தண்ட விரதம். பயன் ஏதுமின்றிப் பிற உயிர்க்குத் தீங்கு நேரும்படி மனம், மொழி, மெய்களைச் செலுத்தாமையே இவ்விரதம். இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் சமந்தபத்திர ஆசாரியர் அனர்த்த தண்டத்தை ஐந்தாக வகுத்தார். தீவினைக்கு அறிவுரை கூறுவது பாபோபதேசம். கொலைக் கருவிகளைப் பிறர்க்குக் கொடுப்பது ஹிம்சாதானம். பிறர்க்குக் கேடு நினைப்பது அபத்யானம். மனத்தைக் கெடுக்கும் கதைகளைக் கேட்பது துஸ்ருதி. கருத்தின்றித் திரிவதும் செயல்படுவதும் பிரமாதசரியை. வண்டி ஓட்டுவோர்க்கு மட்டுமன்றி, ஓரத்தில் நின்று காண்போர்க்கும் இவ்விரதம் பொருந்தும் என்பதே நாம் இங்கு உணர வேண்டியது.

முதலில் காண்போரை நோக்குவோம். மோட்டார் சைக்கிள் கூட்டம் என்றாலே கலகக் கூட்டம் என்னும் எண்ணம் நம் மண்ணில் முளைத்ததன்று. 1947 ஜூலையில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து ஹாலிஸ்டர் என்னும் சிற்றூரில் நடந்த பந்தய விழாவுக்கு ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்காரர்கள் திரண்டனர். குடியும் கூச்சலும் நிகழ்ந்தன, சிலர் கைதாயினர். அவை பெரும்பாலும் சிறு குற்றங்களே. ஆனால் புட்டிகள் சிதறிக் கிடக்க, வண்டிமேல் ஒருவன் சாய்ந்திருக்கும் புகைப்படம் ஒன்று 'லைஃப்' இதழில் வெளிவந்து நாடெங்கும் அச்சத்தை விதைத்தது. 1953இல் மார்லன் பிராண்டோ நடித்த 'தி வைல்ட் ஒன்' திரைப்படம் அவ்வச்சத்துக்கு நிலையான உருவம் தந்தது. பின்னர் அவ்வூரே 1997இல் 50ஆம் ஆண்டு நினைவாக மோட்டார் சைக்கிள்காரர்களை வரவேற்று விழா எடுத்தது!

எனினும் அநேகாந்தம் அறிந்த நாம் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1994 முதல் சில ஆண்டுகள் போதைப்பொருள் வணிகத்தின் பொருட்டு மோட்டார் சைக்கிள் கும்பல்கள் தம்முள் மோதின. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1995இல் குண்டு வெடித்து 11 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். எனவே அச்சம் முற்றிலும் பொய்யன்று. ஆனால் கியூபெக்கின் குற்றத்தைக் கோரிமேட்டில் செல்லும் இளைஞன்மேல் ஏற்றுவது எவ்வகையில் நீதியாகும்? 2012இல் சிட்னியில் தொடங்கிய ஓர் இயக்கத்தின் வழியே பல நாடுகளில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கோட்டும் கழுத்துப் பட்டியும் அணிந்து சென்று, ஆடவர் நோய்களின் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுகின்றனர். அவர்களும் மோட்டார் சைக்கிள் கூட்டத்தினரே.

நம் நாட்டு வழக்கமே இதற்குத் தக்க சான்று. 1955இல் சென்னையில் புல்லட் வண்டித் தொழில் தொடங்கியது. அவ்வண்டியில் காவல் ஆய்வாளரும் மிராசுதாரரும் வந்த காலத்தில், அதே ஓசைக்கு ஊரார் எழுந்து நின்றனர். வண்டி மாறவில்லை, அமர்ந்திருப்பவரைப் பற்றிய நம் எண்ணமே மாறியது. கேட்ட கதையைக் கொண்டு பழி கூறுதல் துஸ்ருதியின் விளைவு. "விழட்டும்" என நினைப்பதோ தெளிவான அபத்யானம். அந்நினைப்பால் அவன் விழப்போவதில்லை; நம் உயிரில்தான் வினை வந்து ஒட்டும்.

இனி ஓட்டுவோரை நோக்குவோம். கோரிமேட்டில்தான் ஜிப்மர் மருத்துவமனை உள்ளது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக்க வழி செய்கின்றன. அங்குப் பகலில் 50 டெசிபெல், இரவில் 40 டெசிபெல் என்பதே வரம்பு. சைலன்சரைக் கழற்றி ஓசை பெருக்கும் குழாயைப் பூட்டிக்கொண்டு அவ்வழியே செல்பவன், உள்ளே கண்மூடாது கிடக்கும் நோயாளியை எண்ணினானா? அவனுக்கு எந்தப் பயனும் இல்லை. பிறர்க்குத் துன்பம் உண்டு. பிரமாதசரியைக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. "முறுக்கு, முந்து" என்று தூண்டும் நண்பன் பாபோபதேசம் செய்கிறான். பதினெட்டு நிறையாத மகனிடம் சாவியைக் கொடுக்கும் தந்தை ஹிம்சாதானம் செய்கிறார். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் அத்தந்தைக்குச் சிறைத் தண்டனை விதிக்கிறது.

ஆயின் கவனமின்மை கிளப்பு இளைஞரிடம் மட்டுமா உள்ளது? 2022இல் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவருள் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாது மாண்டோர் மட்டும் 50,029 பேர். கவசமும் மேலங்கியும் அணிந்து அச்சுறுத்துவதுபோல் தோன்றுபவன் உண்மையில் தன்னுடலைக் காத்துக்கொள்ளும் கருத்துடையவன். வெறுந்தலையுடன், முன்னும் பின்னும் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் செல்லும் குடும்பத் தலைவரை நாம் "சாது" என்கிறோம். அடக்கமாகத் தோன்றுவது வேறு. கருத்துடன் ஒழுகுவது வேறு. ஈர்யா சமிதி என முனிவர் நடையில் காக்கும் விழிப்பின் ஒரு துளியேனும் இல்லறத்தார் சாலையில் காத்தல் வேண்டாவா?

நம் பிள்ளைகள் கருத வேண்டிய வினாக்கள் மேலும் இரண்டு உள. ஒன்று, மேலங்கி. அது விலங்கின் தோலால் ஆயதெனில் நமக்கு ஆகாது. உறுதியான நைலான் இழையால் நெய்த மேலங்கிகள் இன்று கிடைப்பதால் இதற்குச் சாக்குக் கூற இடமில்லை. மற்றொன்று, பயணமே. இன்பத்துக்காக நூற்றைம்பது கிலோமீட்டர் சென்று சிற்றுண்டி உண்டு திரும்புவது பயனற்ற திரிதல் ஆகாதா? ஆகும் என்றே நூலின் நோக்கு உரைக்கும். திசைவிரதம் நம் போக்குக்கு எல்லை வகுப்பதும் இதன் பொருட்டே. அதே வண்டியில் தோழர் பலர் மேல்சித்தாமூர் சென்று அருகனை வணங்கி வரலாம். குருதிக்கொடை அளித்து வரலாம். வழியில் விபத்துற்றவரைக் கண்டால் தாங்கி எடுத்து மருத்துவமனை சேர்க்கலாம். அவ்வாறு உதவுவோர்க்கு 2016இல் உச்ச நீதிமன்றமும், 2019இல் சட்டத் திருத்தமும் பாதுகாப்பு அளித்துள்ளன. பயன் சேருமாயின் அப்பயணம் அனர்த்தம் ஆகாது.

ஆதலின் பெற்றோர் பிள்ளையின் கிளப்பை வெறுத்து ஒதுக்க வேண்டுவதில்லை. கண்மூடி ஏற்கவும் வேண்டுவதில்லை. எவ்வளவு வேகத்தில் சென்றாய், எங்கே ஓசையைக் குறைத்தாய், யாருக்கு உதவினாய் என்று கேட்போமாக. அங்ஙனம் கேட்கும் உரிமை, பிறர் பிள்ளையைக் கண்டபோது நாவை அடக்கியவர்க்கே உரியது. வண்டியை அடக்குதலும் நாவை அடக்குதலும் ஒரே விரதத்தின் இரு பகுதிகள்.

வாழ்க அறம்! வளர்க அஹிம்சை!