நோய் திரும்பி வந்தபோது யாரைத் தேடினோம்?

2020ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத ஆரம்பம். இலங்கை சற்று நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த காலம் அது. மார்ச் 20ஆம் திகதி தொடங்கிய ஊரடங்கு, ஜூன் மாத இறுதியில் முற்றாக நீக்கப்பட்டிருந்தது. ஓகஸ்ட் 5ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தலும் நடந்து முடிந்திருந்தது. கோவில்களிலும் பள்ளிவாசல்களிலும் மக்கள் மீண்டும் கூடினர். கொரோனா நோயினால் அதுவரை நாட்டில் இறந்தவர்கள் 13 பேர் மட்டுமே. பிற நாடுகளில் மக்கள் ஆயிரக்கணக்கில் மடிந்துகொண்டிருக்க, நாம் தப்பிவிட்டோம் என்ற எண்ணம் எங்கும் பரவியிருந்தது.

அவ்வேளையில் மினுவாங்கொடையிலுள்ள ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த பெண்ணொருவருக்கு நோய் இருப்பது தெரிய வந்தது. ஒரு வாரத்துக்குள், அத்தொழிற்சாலையுடன் தொடர்புடைய ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியாயிற்று. அதே மாதத்தில் பேலியகொடை மீன்சந்தையும் மூடப்பட்டது. "கொத்தணி" என்ற சொல் வீட்டுக்கு வீடு புழங்கத் தொடங்கியது. ஆண்டு முடிவதற்குள் நோயாளர் தொகை 40,000ஐத் தாண்டிவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் நாடு என்ன செய்தது? பரிசோதனை செய்தது, பாதைகளை மூடியது, வைத்தியசாலைகளை ஆயத்தம் செய்தது. இவை வேண்டியவையே. ஆனால் இன்னொன்றும் நடந்தது. முதலில் அடையாளம் காணப்பட்ட அந்தப் பெண்ணைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. அவரது ஒழுக்கத்தைப் பற்றிக்கூட வாய்க்கு வந்தபடி கதைகள் கட்டப்பட்டுக் கைத்தொலைபேசிகளில் பரப்பப்பட்டன. நாட்டை நோய்க்குள் தள்ளியவர் அவரே என்று தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டது. உண்மையோ வேறாக இருந்தது. அவருக்கு முன்னரே அத்தொழிற்சாலையில் பலர் காய்ச்சலும் இருமலுமாக இருந்தனர் என்று பின்னர் சுகாதார அதிகாரிகளே தெரிவித்தனர். முதலில் கண்டுபிடிக்கப்பட்டவர் முதலில் நோயுற்றவர் அல்லர். வைத்தியசாலைக்குப் போனதால் அவர் அகப்பட்டார், அவ்வளவுதான்.

கொள்ளைநோய் முதன்முறை வரும்போது மக்கள் அதனைப் புயலைப்போல, வெள்ளத்தைப்போல எண்ணுகிறார்கள். யாரையும் நோகாமல் ஒருவருக்கொருவர் கைகொடுக்கிறார்கள். ஆனால் அடங்கிவிட்டது என்று நம்பிய நோய் இரண்டாம் முறை தலைகாட்டும்போது மனநிலை மாறுகிறது. "நாங்கள் வீட்டுக்குள் கிடந்தோம், வருமானத்தை இழந்தோம், பிள்ளைகளின் படிப்பைப் பறிகொடுத்தோம், யாரோ ஒருவர் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார்" என்ற கோபம் எழுகிறது. பட்ட கஷ்டத்தினால் பிறக்கும் கோபமாதலால் அது நியாயமானது போலவும் தோன்றுகிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு கேள்விகள்

நோய் மீண்டும் தோன்றிய இடத்தில் ஒரு நாடு இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். ஒன்று: "இது எங்கிருந்து வந்தது? யார் யாருக்குப் போயிருக்கும்?" மற்றது: "இதைக் கொண்டுவந்த பாவி யார்?" முதலாவது கேள்வி கடமை. அதைக் கேளாத அரசு தன் மக்களைக் கைவிட்ட அரசாகும். இரண்டாவது கேள்வி கடமையைப்போல வேடம் பூண்டு வருவது. ஒன்று அடுத்தவரைக் காப்பாற்றுவதற்காகத் தேடுகிறது. மற்றது தண்டிப்பதற்காகத் தேடுகிறது. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இது இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று வினவியதையும், ஆண்டவர் அக்கேள்வியையே ஏற்க மறுத்து அவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்ததையும் நாம் எத்தனை முறை கோவிலில் கேட்டிருக்கிறோம்!

இவ்விரண்டு கேள்விகளையும் பிரித்தறிவது அறம் மாத்திரமல்ல, புத்தியும்கூட என்பதற்குப் பிற நாடுகளிலே சான்று உண்டு. 2020 மே மாதம் தென் கொரியாவின் தலைநகரான சியோலில், நோய் அடங்கி வந்த வேளையில், இரவுக் கேளிக்கை விடுதிகள் சிலவற்றிலிருந்து அது மீண்டும் பரவியது. அங்கு சென்றதாக வெளியே தெரிந்தால் வேலையும் குடும்ப மானமும் போய்விடும் என்று பலர் அஞ்சி ஒளித்தனர். நகர நிர்வாகம் என்ன செய்தது? பெயர் சொல்ல வேண்டாம், தொலைபேசி இலக்கம் மட்டும் தந்தால் போதும், பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று அறிவித்தது. அதன்பின் பரிசோதனைக்கு வந்தோர் தொகை வெகுவாகக் கூடியது. அவ்விடங்களுக்குச் சென்றது சரியா தவறா என்ற விசாரணையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, உயிரைக் காக்கும் வேலையை முன்னே வைத்தார்கள். அவமானத்துக்கு அஞ்சுபவன் ஒளிவான். அவனோடு சேர்ந்து நோயும் ஒளியும்.

நியூசிலாந்து நாட்டில் 102 நாட்களாகச் சமூகத்துக்குள் ஒரு தொற்றேனும் இல்லாதிருந்தது. 2020 ஓகஸ்ட் 11ஆம் திகதி ஓக்லாந்து நகரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வருக்கு நோய் கண்டது. மறுநாள் நண்பகல் முதல் அந்நகரம் மூடப்பட்டது. செப்டெம்பர் 19இல் நடக்கவிருந்த பொதுத் தேர்தல் ஒக்டோபர் 17க்கு ஒத்திவைக்கப்பட்டது. அங்கும் வதந்தி பிறக்காமல் இல்லை. அந்தக் குடும்பத்தைப் பற்றி இழிவான கதைகள் பரவின. ஆனால் சுகாதார அமைச்சரே முன்வந்து, அவை பொய், வெட்கக்கேடு என்று வெளிப்படையாகக் கண்டித்தார். எல்லையில் கடமை புரிந்த ஊழியர் பலருக்குப் பரிசோதனை நடைபெறாதிருந்த அரசின் குறையும் அந்நாட்களில் வெளிவந்தது. நோய் அக்குடும்பத்துக்கு எவ்வழியால் வந்தது என்பது இறுதிவரை உறுதியாகத் தெரியவில்லை. தெரியாமலே அந்தப் பரவலை அடக்கினார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். குற்றவாளி அகப்பட்டால்தான் நோய் அடங்கும் என்பது நம் கோபம் சொல்லும் கதை.

"அப்படியானால் பொறுப்பில்லாமல் நடப்பவர்களை ஒன்றும் சொல்லக் கூடாதா?" என்று ஒரு வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தனக்கு நோய் உண்டென்று அறிந்தும் அதை மறைத்துக் கலியாண வீட்டில் போய் அமர்பவர் குற்றம் செய்கிறார். அதில் ஐயமில்லை. ஆயினும் பொறுப்பு என்பது அதிகாரத்தின் அளவுக்கேற்ப அமைவது. காய்ச்சலோடு வேலைக்குப் போன யுவதியைக் குறை சொல்லுமுன், அவள் லீவு எடுத்தால் சம்பளம் என்னவாகும், ஒரே அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், "வீட்டுக்குப் போ, உன் வேலை போகாது" என்று சொல்லக்கூடியவர் யார் என்பவற்றையும் கேட்கவேண்டும். கட்டுநாயக்காப் பக்கத்து விடுதிகளில் இருந்த தொழிலாளர் சிலர், இரவு நேரத்தில் சில நிமிட அவகாசத்தில் பஸ்களில் ஏற்றித் தனிமைப்படுத்தல் நிலையங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டதாக அந்நாட்களில் முறையிட்டனர். தெரிவு செய்ய இடமில்லாதவர்மேல் முழுப்பழியும், தெரிவு செய்யக்கூடியவர்மேல் வெறும் அனுதாபமும் விழுமானால் தராசு சரியில்லை என்பதே பொருள்.

கட்டாயத்தின் எல்லை

பொது நன்மைக்காக ஒருவனது நடமாட்டத்தை அரசு தடுக்கலாமா? தடுக்கலாம், சில வேளைகளில் தடுக்கவே வேண்டும். எனது சுதந்திரம் அயலவனின் மூச்சை நிறுத்தும் உரிமை அன்று. ஆனால் அக்கட்டாயம் நீதியானதாக இருக்க மூன்று நிபந்தனைகள் உண்டு. முதலாவது, அது உண்மையிலேயே தேவையானதாக இருக்கவேண்டும். இரண்டாவது, அடைத்து வைப்பவன் அடைபட்டவனைக் காக்கவேண்டும். மூன்றாவது, எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்கவேண்டும்.

இரண்டாவதை முதலில் பார்ப்போம். முடக்க காலத்தில் வறிய குடும்பங்களுக்கு அரசு 5,000 ரூபா வழங்கியது. நல்லதே. ஆனால் அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவனுக்கு அது எத்தனை நாள் காணும்? "வெளியே வராதே" என்ற கட்டளையோடு "நீ பட்டினி கிடக்கமாட்டாய்" என்ற உறுதியும் சேரவேண்டும். தப்பியோட வழியே இல்லாதவர்களிடம் இக்கடமை இன்னும் பெரிது. நவம்பர் 29ஆம் திகதி மஹர சிறைச்சாலையில் நடந்தது நினைவிருக்கும். நெரிசலான சிறைக்குள் நோய் பரவியபோது, பரிசோதனையும் பாதுகாப்பும் கேட்டுக் கைதிகள் கிளர்ந்தனர். அன்று 11 கைதிகள் உயிரிழந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

முதலாவது நிபந்தனையும் மூன்றாவதும் மீறப்பட்டது சாவு வீட்டில். நோயினால் இறந்தவர் அனைவரையும் தகனமே செய்யவேண்டும் என்று 2020 ஏப்ரல் மாதத்தில் வர்த்தமானி அறிவித்தது. தகனம், அடக்கம் இரண்டுமே செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்கெனவே கூறியிருந்தது. எனினும் அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் கெடும் என்று சொல்லி அக்கட்டளை 2021 பெப்ரவரி இறுதிவரை நீடித்தது. டிசெம்பர் மாதத்தில், பிறந்து 20 நாட்களே ஆன முஸ்லிம் குழந்தையொன்றின் உடல், பெற்றோர் சம்மதியாத நிலையில் எரிக்கப்பட்டது. அதைக் கேட்டுப் பல மதத்தவரும் பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணி கட்டினர்.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று சிலர் சொன்னார்கள். எழுத்தில் ஒன்றுதான், பாரத்தில் ஒன்றல்ல. எமது திருச்சபை 1963 முதல் தகனத்தைத் தடைசெய்வதில்லை. சேமக்காலையில் அடக்கம் செய்ய முடியாமற்போனது எமக்கு மனவருத்தம். முஸ்லிம் சகோதரருக்கோ அது விசுவாசத்தை மிதிக்கும் செயல். ஒரே சுமையைப் பெரியவன் தோளிலும் சிறுவன் தோளிலும் வைத்துவிட்டுச் சமத்துவம் என்று சொல்ல முடியாது. 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்புக் கோருவது நன்று. ஆனால் எரிந்த பிள்ளையை அது தாயிடம் திருப்பித் தராது.

எம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை

பிறரைப் பற்றிப் பேசிவிட்டு எம்மை விட்டுவிடலாகாது. அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தபோது, 2021 மார்ச் மாத முற்பகுதியில் அரசு அதற்குத் தெரிவு செய்த இடம் கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவு. எம் கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் வாழும் தீவு அது. 1992இல் இடம்பெயர்ந்து, கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து, 2018இல் தாங்களே வள்ளங்களில் ஏறித் திரும்பிச் சென்ற மக்கள் அவர்கள். தீவு மக்களும் குருக்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஓரிரு நாட்களில் ஓட்டமாவடி தெரிவாயிற்று. அங்கே 3,600க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டனர். பெரும்பாலோர் முஸ்லிம்கள்; பிற மதத்தவரும் அவர்களுடன் அருகருகே துயில்கின்றனர்.

இரணைதீவு மக்களின் எதிர்ப்பில் நியாயம் இருந்தது. அவர்களை யாரும் கேட்கவில்லை. முஸ்லிம்களும் தம் உறவினரைக் கடல் கடந்து ஒரு தீவில் புதைக்கும்படி கேட்கவில்லை. தத்தம் ஊர் மையவாடியையே கேட்டார்கள். கேளாமலே முடிவு செய்யலாம் என்று எண்ணப்பட்ட இரண்டு மக்கள் கூட்டங்கள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும்படி ஆக்கப்பட்டதே அங்கு நேர்ந்த அநீதி. எனினும் ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சியை ஆராய்ந்து பார்க்கவேண்டும். "எங்களைக் கேளாமல் செய்யாதே" என்பது உரிமைக் குரல். "அந்தச் சடலம் எங்கள் மண்ணில் வேண்டாம்" என்பது அச்சத்தின் குரல். வெளியிலிருந்து கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். சொல்பவருக்கு வித்தியாசம் தெரியும்.

ஊரிலே இதைவிடச் சிறிய அளவிலும் நடந்தது. வீட்டு வாசலில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டப்பட்டதும் அந்த ஒழுங்கையால் போகாமல் சுற்றிப் போனவர்கள் உண்டு. அது அவதானம், குறை சொல்வதற்கில்லை. நோய் நீங்கிய பின்னரும் அவ்வீட்டுப் பிள்ளையோடு விளையாடாதே என்று தம் பிள்ளையைத் தடுத்தவர்களும் உண்டு. அது அவதானம் அல்ல. வேலிக்கு மேலால் சாப்பாட்டுப் பார்சலை நீட்டி, தள்ளி நின்று, "அக்கா, மருந்து ஏதும் வேணுமோ?" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். தூரத்தையும் காத்தார்கள், உறவையும் காத்தார்கள். நாடு செய்ய வேண்டியிருந்ததை அவர்கள் ஓர் ஒழுங்கைக்குள் செய்து காட்டினார்கள்.

2023 மே 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் அவசரகால நிலையை முடிவுக்குக் கொண்டுவந்தது. நாமும் மறக்கத் தொடங்கிவிட்டோம். ஆனால் டெங்கு ஒவ்வொரு மாரியிலும் திரும்பி வருகிறது. இன்னொரு கொள்ளைநோய் என்றோ ஒருநாள் வரும். அப்போது அது முதலில் யாருடைய வீட்டில் தலைகாட்டும் என்று யாருக்கும் தெரியாது. அந்த வீடு எமதாகவும் இருக்கலாம். அன்று அயலவர் எம் வாசலில் நின்று எந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்று விரும்புவோமோ, அந்தக் கேள்வியை இன்றே எம் பிள்ளைகளுக்குப் பழக்குவோம்.