பென்சில் ஒப்பமும் பெருவிரல் ஒப்பமும்

மையால் எழுதியது நிற்கும். பென்சிலால் எழுதியது அழியும். பள்ளிப் பருவத்திலேயே நம் மனத்தில் பதிந்துவிடும் பாடம் இது. பத்திரத்திலோ காசோலையிலோ பென்சிலால் ஒப்பமிட்டால் எவரும் ஏற்கமாட்டார். ஆயினும், கலையுலகின் ஒரு துறையில் மட்டும் இவ்வழக்கம் தலைகீழாக இருக்கிறது. மரக்கட்டையில் செதுக்கியோ, செப்புத் தகட்டில் கீறியோ, கல்லில் வரைந்தோ தாளில் அச்சிட்டெடுக்கும் ஓவியப் பிரதிகளில் கலைஞர்கள் பெரும்பாலும் பென்சிலாலேயே ஒப்பமிடுகின்றனர். அழியக்கூடிய ஒன்றை அழியா உறுதிக்கு ஏன் தேர்ந்தனர்? கேள்வி சிறியது. ஆனால், அதன் விடையைத் தேடிச் செல்வோர் ஒப்பம் என்பது யாது என்னும் பெரிய கேள்வியின் முன் வந்து நிற்பர்.

இத்தகைய பிரதியின் கீழ் விளிம்பில், இடப்புறம் 12/50 என்பது போன்ற எண் இருக்கும். வலப்புறம் ஒப்பம் இருக்கும். ஐம்பது பிரதிகளே வெளியிடப்பெற்றன, இஃது அவற்றுள் பன்னிரண்டாவது என்பது அவ்வெண்ணின் பொருள். அச்சிட்டு முடிந்தபின் தகட்டின்மீது குறுக்குக் கோடு கீறி, அதனை மீண்டும் பயன்படாதவாறு செய்வதும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விசிலர் முதலிய கலைஞர்களால் பென்சில் ஒப்பம் பரவலாயிற்று. ஆகவே, அவ்வொப்பம் வெறும் பெயரன்று. 'இதனை நான் பார்த்தேன். என் மனத்துக்கு நிறைவாக உள்ளது. சொன்ன எண்ணிக்கைக்கு மேல் வெளியிடேன்' என்னும் வாக்குறுதி அது.

பென்சிலின் உள்ளீடு ஈயமன்று. களிமண் கலந்த கிராபைட். கிராபைட் என்பது கரிமத்தின் ஒரு வடிவமாதலால் வெயிலொளியில் வெளுப்பதில்லை. பேனா மைகளிற் பலவோ காலப்போக்கில் நிறம் மங்கும். பருத்தித் தாளில் ஊறிப் படரும். பென்சில் எழுத்தை அழிக்கலாம் என்பது மெய்தான். ஆனால், அழித்தால் தாளின் இழைகள் கலைந்து, அழித்த இடம் கூர்ந்து பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படும். பென்சிலின் மினுமினுப்பையும் கையழுத்தத்தின் பள்ளத்தையும் அச்சு இயந்திரம் அப்படியே காட்டுவதும் அரிது.

எல்லாப் பென்சிலும் இதற்கு ஏற்றதன்று. கடினமான எச் வகை தாளைக் கீறிப் புண்ணாக்கும். மிக மென்மையான 6பி கைபட்டால் கலங்கிக் கறையாகும். எச்பி, 2பி என்னும் இடைப்பட்டவையே பொருந்தும். வாக்குக் கொடுப்பவன் நடத்தையும் இவ்வாறே இருத்தல் வேண்டும். அடித்துப் பேசுவதும் உறுதியன்று. குழைந்து பேசுவதும் உறுதியன்று.

நல்ல பென்சில் மட்டும் ஒப்பத்தைக் காத்துவிடுமா? 1974இல் பிரெஞ்சுச் சுங்க அதிகாரிகள் அண்டோராவுக்குச் செல்லும் வண்டியொன்றைச் சோதித்தபோது, ஓவியர் சால்வடோர் டாலியின் ஒப்பமிட்ட வெற்றுத் தாள்கள் சுமார் 40,000 இருக்கக் கண்டனர். படம் இல்லை; ஒப்பம் மட்டும் இருந்தது! பார்த்தபின் இடவேண்டிய சான்றைப் பார்க்குமுன் இட்டால், கை உண்மையானதாயினும் சான்று பொய்யாகிறது. அவர் பெயரால் போலிப் பிரதிகள் பெருகியதில் வியப்பென்ன?

இதனை எண்ணும்போதெல்லாம் மலாக்கா மாநிலம் லூபோக் சீனா வட்டாரத்தில் நான் வளர்ந்த தோட்டத்து லயன் வீடு நினைவுக்கு வரும். எங்கள் சுவரில் தொங்கியது கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டையராஜூ வரைந்த முருகன் படமுள்ள நாட்காட்டி. அதன் மூலையில் அவர் பெயர் படத்தோடு சேர்ந்தே அச்சாகியிருந்தது. எண்ணிக்கையில்லை, அருமையில்லை, விலையுமில்லை. ஆயினும், அம்மா அதன்முன் நாள்தோறும் கைகூப்பினார். படத்தின் பெருமை ஒப்பத்தால் வருவதன்று என்பதை அச்சுவர் எனக்குக் கற்பித்தது. ஒப்பம் தருவது சான்று ஒன்றையே.

அப்பா பால்மரம் வெட்டியவர், எழுத்தறியாதவர். சம்பள நாளில் கிராணியார் நீட்டும் பேரேட்டில் பெருவிரலை உருட்டி வைப்பார். அவ்வரியில் எழுதியிருந்த தொகை சரிதானா என்பது அவருக்குத் தெரியாது. எழுத்தறியாதோர் தம் ஒப்பமாக இடும் அடையாளத்துக்குத் 'தற்குறி' என்பது பழம்பெயர். தன் குறி என்னும் அந்தக் கண்ணியமான சொல்லை நாம் பிற்காலத்தில் வசைச்சொல்லாக்கிவிட்டோம்.

புறத்தே நோக்கினால் டாலியும் அப்பாவும் செய்தது ஒன்றே. இருவரும் பாராமல் ஒப்பமிட்டனர். ஆனால், அறத்தின் தராசில் இரண்டும் ஒன்றாகுமா? டாலிக்குப் பார்க்கும் கண்ணும், மறுக்கும் உரிமையும் இருந்தன. அப்பாவுக்கு எழுத்தும் இல்லை. மறுத்தால் மறுநாள் வேலை இருக்கும் என்னும் உறுதியும் இல்லை. எனவே, பாராமல் ஒப்பமிடுதல் முன்னவர்க்குப் பிழை. பின்னவர்க்கு நேர்ந்த அநீதி. படிக்க இயலாதவன் விரலைப் பெறுபவனே அத்தாளின் உண்மைக்குப் பொறுப்பாளி.

பின்னர் அப்பா மாலை வகுப்பில் தம் பெயரெழுதக் கற்றார். ஒருநாள் என் தேர்ச்சி அட்டையைக் கொணர்ந்து கொடுத்தேன். ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண்ணையும் உரக்கப் படிக்கச் சொன்னார். கணக்கில் நான் பெற்றிருந்த 38ஐத் தாழ்ந்த குரலில் படித்தேன். "இன்னொரு தடவை படிப்பா" என்றார். படித்தேன். பேனாவால் எழுதினால் அட்டை கெட்டுவிடுமோ என்று அஞ்சி, என் பென்சிலை வாங்கி, நான்கு எழுத்துகளை வரைவதுபோல் எழுதினார். மறுநாள் ஆசிரியர் அதை நெடுநேரம் பார்த்தார். மையால் எழுதி வா என்று அவர் சொல்லவில்லை.

இன்று நாம் படித்தவர்கள். வருகைப் பதிவேட்டிலும், மாணவர் நற்சான்றிதழிலும், கூட்டக் குறிப்பிலும் விலை உயர்ந்த பேனாவால் விரைந்து ஒப்பமிடுகிறோம். அவற்றுள் எத்தனையைப் படித்துவிட்டு இடுகிறோம்? எழுத்தறியா விரல்களின் உழைப்பால் எழுத்தறிந்த நாம், கண்ணிருந்தும் பாராமல் ஒப்பமிட்டால் அது யாருக்குச் செய்யும் துரோகம்?

எந்தப் பென்சில் என்பது இரண்டாவது கேள்வி. பார்த்தோமா என்பதே முதற்கேள்வி.