வண்ணத்துக்கு அடியில்

ஆயுத பூஜை நெருங்கும்போது சித்தூரிலும் திருப்பதியிலும் வீட்டு வாசல்தோறும் வாகனங்கள் நீராடுவதைக் காணலாம். தந்தையின் பழைய ஸ்கூட்டர் ஒன்று திண்ணையோரம் நிறம் மங்கி நிற்குமானால், இந்த ஆண்டு தானே வண்ணம் பூசிவிடலாம் என்ற ஆசை மகனுக்கு எழுவது இயல்பு. நல்ல ஆசைதான். ஆயினும் அந்த எளிய வேலைக்குள் ஓர் அறக்கேள்வி மறைந்திருக்கிறது: குறையை மறைப்பதும் குறையைக் களைவதும் ஒன்றாகுமா?

முதன்முறையாகத் தூரிகை எடுப்பவன் அவசரப்படுகிறான். டப்பாவைத் திறந்து நேரே வண்ணத்தைப் பூசுகிறான். மாலையில் வண்டி புதிதுபோல் மின்னுகிறது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அங்கங்கே கொப்புளங்கள் கிளம்புகின்றன. விரல் பட்டாலே வண்ணம் உரிகிறது. இரும்பும் ஈரமும் காற்றும் கூடிப் பிறக்கும் துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். ஆகவே மேற்பூச்சைத் தள்ளிப் பெயர்த்துவிடுகிறது. மூடிவைத்த குறை உறங்குவதில்லை.

வேலை அறிந்தவர் முதலில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுகிறார். உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, நல்ல இரும்பு தெரியும்வரை ஓயாதிருக்கிறார். பிரைமர் பூசி, பள்ளங்களுக்குப் பட்டி பார்த்து, மீண்டும் தேய்த்துச் சமமாக்குகிறார். பிறகே வண்ணம், அதுவும் மெல்லிய பூச்சுகளாக, ஒன்று உலர்ந்தபின் மற்றொன்று. அவருடைய உழைப்பின் பெரும்பகுதி எவர் கண்ணுக்கும் தெரியாது.

திருப்பதி மாவட்டத்தின் காளஹஸ்தியில் கலம்காரி ஓவியர்களும் இந்த உண்மையையே பின்பற்றுகின்றனர். பருத்தித் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்திய பின்னரே மூங்கில் எழுதுகோலைத் தொடுகின்றனர். இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் ஊறவைத்து எடுக்கும் சாயம், கடுக்காயின் துவர்ப்பு ஏறிய துணியில்தான் ஆழ்ந்த கருமையாகப் பதியும். பால் அச்சாயம் பரவாமல் காக்கும். பக்குவப்படாத துணியில் கைத்திறன் மட்டும் என்ன செய்யும்?

அந்த ஸ்கூட்டரை விற்கும் நாள் வரும்போது கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 1972-இல் அறிமுகமான பஜாஜ் சேதக் போன்ற வண்டிகளில் தகட்டு உடலே பாரத்தைத் தாங்கும் சட்டமுமாகும். கால் வைக்கும் தளத்தைத் துரு அரித்திருக்க, அதன்மேல் பளபளப்பாக வண்ணம் பூசி ஒருவன் விற்கிறான் என்று கொள்வோம். வாங்கியவர் மனைவி மக்களுடன் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு லாரிகளுக்கு நடுவே செல்கிறார். விற்றவன் ஒரு பொய்ச்சொல்லும் சொல்லவில்லை. அவனுக்காக வண்ணம் பொய் சொன்னது.

‘வாங்குபவர் அல்லவா பார்த்து வாங்க வேண்டும்?’ என்று அவன் கேட்கலாம். கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே அவரால் பார்க்க இயலும். அடியில் இருப்பதை அறிந்தவன் பூசியவன் ஒருவனே. அறிந்தவனுக்கே பொறுப்பும் உரியது. வாய் திறவாமல் ஏமாற்றுவதும் வாய்மைக்குப் பிழையே.

இதனால் வண்ணமே தீது என்றாகாது. தூய்மை செய்த இரும்பின்மேல் படிந்த வண்ணம் அதைக் காக்கும் கவசம். துருவின்மேல் படிந்ததோ வெறும் திரை. இனிய சொல்லும் அத்தகையதே. சினத்தை உள்ளே வளரவிட்டு மேலே பூசிய புன்னகை ஒருநாள் உரிந்துவிடும். சினத்தைத் தேய்த்து அகற்றியவனின் புன்னகையோ அவனையும் காத்துப் பிறரையும் குளிர்விக்கும்.

பாதி வேலையில், துரு நீக்கிய வண்டி முன்பிருந்ததைவிட அழகற்றுத் தோன்றும். திட்டுத் திட்டான அந்தத் தோற்றத்தைக் கண்டு வெட்கி, அவசரமாக மூடிவிடத் தோன்றும். தன் குறையைத் தானே காணத் தொடங்கிய மனிதனின் நிலையும் அதுவே. அங்கே பொறுமையோடு நிற்பவனே உண்மையில் வேலையைத் தொடங்கியவன். ஆயுத பூஜை நாளில் அவன் இடும் சந்தனப் பொட்டு, வண்ணத்துக்கு அடியில் உள்ள தூய்மைக்கும் இட்ட பொட்டாகும்.