பெயர் சொல்லி நன்றி கூறுவோம்



புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் கடைசி அதிகாரத்தை நம்மில் பலர் வாசிக்காமலே கடந்துவிடுகிறோம். அதிலே பெயர்கள்தான் நிரம்பியிருக்கின்றன. கெங்கிரேயாச் சபையில் பணிசெய்து பலருக்கு உதவிய பெபேயாள், அப்போஸ்தலருக்காக உயிரையே பணயம் வைத்த பிரிஸ்காள், ஆக்கிலா தம்பதிகள், ஆண்டவருக்காகப் பாடுபட்டு உழைத்த பெர்சியாள் என இருபதுக்கும் மேற்பட்டோரை அவர் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதிய தெர்த்தியுவின் பெயர்கூட அங்கே உண்டு.

நமது பங்கிலே இத்தகையோர் இல்லையா? விடியுமுன் கோவிலைத் திறந்து மணியடிப்பவர் யார்? பீடத் துணிகளைத் துவைத்து மடிப்பவர் யார்? ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டுபவர் யார்? பெயர் தெரியுமா?

நமது விசுவாசமே இத்தகையோர் காத்துத் தந்த சொத்து. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானபின் இங்கே குருக்களுக்கு இடமிருக்கவில்லை. 1687இல் புனித யோசேவ் வாஸ் அடிகள் வரும்வரை செபத்தையும் விசுவாசத்தையும் வீடுகளில் மறைவாகக் காத்தவர்கள் சாதாரண பொதுநிலையினரே. அடிகளாரும் மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் நம்பியே சபைகளை ஒப்படைத்தார். அவர்களிற் பெரும்பாலானோரின் பெயர் இன்று நமக்குத் தெரியாது.

“சேவை செய்பவர் புகழ் தேடலாமா?” என்று சிலர் கேட்பர். தேடலாகாது. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்பது ஆண்டவரின் போதனை. ஆனால் அது கொடுப்பவருக்குச் சொன்ன புத்தி. பெற்றுக்கொள்பவருக்கு மௌனமாயிருக்கத் தந்த அனுமதியன்று. குணமடைந்த பத்துத் தொழுநோயாளருள் ஒருவன் மாத்திரம் திரும்பி வந்தபோது, மற்ற ஒன்பது பேர் எங்கே என்று அதே ஆண்டவர்தானே கேட்டார்?

இன்னொன்றையும் சிந்திப்போம். திருவிழாவுக்குப் பணம் தந்தவரின் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்கிறோம். பந்தலுக்குக் குழி தோண்டியவரின் பெயரை வாசிப்பதில்லை. பாடலில் சுருதி பிசகினால் முற்றத்தில் நின்று விமர்சிக்கிறோம். ஆண்டு முழுவதும் நன்றாகப் பாடியதற்கு ஒரு வார்த்தை சொன்னோமா? இப்படியிருக்க, இளைஞர் முன்வருவதில்லை என்று குறைசொல்வது நியாயமா? உழைத்த தாய்தந்தையர் குறையே கேட்பதைப் பார்த்து வளரும் பிள்ளை எப்படி முன்வரும்?

ஒருவருடைய மரணத் திருப்பலியிலே அவர் தொண்டைப் புகழ்வது நமக்குக் கைவந்த பழக்கம். அந்தச் சொற்களை அவர் உயிரோடிருக்கும்போதே சொல்வோம். பெயர் சொல்லிச் சொல்வோம். செய்த வேலையையும் குறிப்பிட்டுச் சொல்வோம். வயது சென்றவரின் கையிலுள்ள துடைப்பத்தை ஒருநாள் நாமே வாங்கிக் கூட்டினால், அதுவும் மேலான நன்றியே.

நற்கருணை என்பதற்குரிய கிரேக்கச் சொல்லின் பொருளே நன்றி கூறுதல். பீடத்திலே இறைவனுக்கு நன்றிப்பலி செலுத்திவிட்டு வெளியே வரும் நாம், வாசலில் நிற்கும் தொண்டரை முகம் பாராமல் கடந்து போகலாமா? வரும் ஞாயிறு, குடும்பமாக ஒருவரையாவது தேடிச் சென்று நன்றி கூறுங்கள். உங்கள் பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள்.